சாப்பிட்டால் அழும் கண்

என் இடது கண்ணுக்கு மானம் ரோசம் எதுவும் கிடையாது. வாயில் சோறு விழுந்தால் போதும், அழ ஆரம்பித்துவிடும். வலது கண் யோக்கியம், அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். கல்யாணப் பந்தியில் லட்டைக் கடித்துவிட்டு ஒற்றைக் கண்ணில் பொலபொலவென்று கண்ணீர் விடுகிறவளை யார்தான் நல்ல விதமாக நினைப்பார்கள்?

சேந்தமங்கலம் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வந்த வினை அது. ஓட்டியது என் வீட்டுக்காரர். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு இடது காதுக்குப் பின்னால் எலும்பில் விரிசல். முகத்தின் இடது பாதி தொங்கிப்போனது. சேலத்தில் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். முகத்துக்குப் போகிற நரம்பு நசுங்கிவிட்டது, ஆனால் அதன் இழைகள் திரும்ப வளரும். ஒவ்வொரு இழையின் நுனியும் மெல்லிய விரல்களை நீட்டி நீட்டித் தடவிக்கொண்டே போகும். சில ரசாயனங்கள் அதை வா என்று இழுக்கும், சில அண்டவிடாமல் தள்ளும். அப்படிப் போய்ப் பழைய இடத்தைப் பிடித்தால் சரி. "சிலது வழி மாறியும் போயிரும்மா," என்றார்.

மாறித்தான் போனது. வாய்க்கோணல் ஓரளவு நிமிர்ந்தது. ஆனால் எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பியில் போய் ஒட்டிக்கொண்டன. என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்தவர். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஹாரன் அடிச்சா வைப்பர் ஓடுது, அவ்வளவுதான புள்ள!" அடிக்கக் கை ஓங்கினேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் என் சாப்பாட்டுக் கண்ணீரை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஒரு கையால் சாப்பிடுவேன், மறு கையால் துடைப்பேன்.

போன வருடம் அவருக்கு வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்தில் கட்டி, கைமீறிவிட்டது என்று என்னையும் அவர் அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான். விஷயம் தெரிந்த அன்றே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், அப்புறம் ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. "இவனுக்குத் தெரியவே வேண்டாஞ் சாமி," என்று அண்ணன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் வீட்டுக்காரரிடம் வயிற்றுப் புண் என்று சொல்லிவைத்தோம்.

சொல்லிவிட்டோம், அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது? நாள் முழுக்க அவர் கட்டிலுக்கு எதிரேதான் எனக்கு எல்லா வேலையும். சட்டைக் காலர் தோள் எலும்பில் தொங்குவதைப் பார்த்தாலே கண் நிறைந்துவிடும். அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட நரம்பு கைகொடுத்தது. அழுகை முட்டும்போதெல்லாம் எதையாவது வாயில் போட்டேன். முறுக்கு, பொரிகடலை, ஊறுகாய், பழைய சோறு. மென்றுகொண்டே அழுதேன், அவர் எதிரிலேயே. பார்க்க வந்த அவருடைய அத்தை வாசலில் நின்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

"புருசன் கஞ்சி எறங்காமக் கெடக்கறான், இவ என்னடான்னா எந்நேரமும் அரைச்சுக்கிட்டே இருக்கறா."

சொல்லட்டும், எனக்கென்ன! அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதும்.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் அவசரமாக ஒரு கவளம் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"கொஞ்சம் ரசம் ஊத்திக்க புள்ள, விக்கிக்கப் போவுது," என்றார்.

"சாப்புடறப்ப வர்ற தண்ணிதானுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்." மெல்லக் கையை நீட்டி என் வலது கன்னத்தைத் துடைத்தார். "இந்தப் பக்கத்து ஒயரிங் நல்லாத்தான புள்ள இருந்துச்சு?"

தட்டைக் கீழே வைத்தேன். "எப்ப இருந்துங்க தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ முறுக்கு திங்க ஆரம்பிச்ச அன்னைக்கே."

பாதியில் வைத்த கிண்ணத்தை எடுத்து, முகம் சுளிக்காமல், மீதியையும் எனக்காகக் குடித்தார்.