மாமா ஓட்டிய பொலிஸ் கார்

மகனின் கார் பொத்தானை அமுக்கினால் ரோபோவாக எழுந்து நின்று ஊளையிடும். காலையிலிருந்து அதே ஊளை. வாங்கிக்கொடுத்த மடையன் நான்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது, தமிழரைத் தேடித்தேடி அடித்த கலவரத்தில், கண்டியில் இப்படியொரு ஊளைதான் எங்களைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள மாமாவின் சாமான் அறையில் ஒளிந்திருந்தோம். வாசலில் பொல்லு தடிகளோடு ஆட்கள். இருட்டில் அம்மா என் பொலிஸ் காரின்மேல் உட்கார்ந்துவிட்டார். அது அலறியது.

"பிள்ளை இல்லாத வீட்டில் விளையாட்டுச் சாமான் யாருக்கு?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

மாமா உள்ளே வந்து காரைப் பறித்துக்கொண்டு போனார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவர் சிரித்தே நான் பார்த்ததில்லை. "எனக்குத்தான்" என்றார். சாரத்தை மடித்துக்கட்டி, விறாந்தையில் முழங்காலிட்டு அதை ஓட்டத் தொடங்கினார். கிழவனுக்குப் பைத்தியம் என்று சிரித்துவிட்டு அவர்கள் போகும்வரை ஓட்டினார்.

கதவிடுக்கில் பார்த்த எனக்கு எரிச்சல், என் பற்றரியைத் தீர்க்கிறாரே என்று.

"அம்மா, மாமா பிழையா ஓட்டுறாரு."

அம்மா என் வாயை இறுகப் பொத்தினார்.

இப்போது நானும் முழங்காலிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

"அப்பா, பிழையா ஓட்டுறீங்க" என்று மகன் தெருவுக்கே கேட்கக் கத்துகிறான். காது வலிக்கிறது. கத்தட்டும்.