மாவு வாங்க வந்த போலீஸ்

எங்கள் தெருவுக்கு யார் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், யார் கையில் காசு புரள்கிறது என்று தெரிய வேண்டுமா, என்னைக் கேளுங்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய இந்தத் தெருவில் இட்லி மாவு விற்கிறவள் நான்தான்.

நாங்கள் வீடு கட்டி வந்தபோது சுற்றிலும் வயல். இருந்த நாலைந்து வீடுகளிலும் அச்சன்புதூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். அப்போது மாவை விலைக்கு வாங்கினால், 'அவளுக்கு உடம்பு வணங்காது' என்று பேசுவார்கள், நானே பேசியிருக்கிறேன். தென்காசி தனி மாவட்டம் ஆனதும் வயலெல்லாம் மனையாயிற்று. கலெக்டர் ஆபீஸ்காரர்கள், நர்ஸுகள், போலீஸ்காரர்கள் என்று மாடிக்கு மாடி குடித்தனம் வந்தது. வீட்டுக்கு இரண்டு சம்பளம், உளுந்து ஊறப்போடத்தான் ஆளில்லை. என் கிரைண்டருக்கு யோகம் அடித்தது.

மாவை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்குப் புளிக்காத மாவு வேண்டும். கணவன் துபாயில் இருக்கிற பெண்கள் அரைக் கிலோ வாங்குவார்கள். திடீரென்று இரண்டு கிலோ கேட்டால் அவர் லீவில் வந்துவிட்டார் என்று அர்த்தம். நான் சிரிப்பேன், அவர்களும் வெட்கத்தோடு சிரிப்பார்கள். எனக்கு இந்த ஜனங்களை ரொம்பப் பிடிக்கும்.

என் மகனுக்குத்தான் நான் மாவு விற்பது பிடிக்கவில்லை. அவனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெண் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போய், பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது.

"எம்மா, வாசல்ல இருக்க மாவு போர்டைக் கழட்டிரு. அவங்க இருக்கும்போது ஒருத்தரும் மாவுக்கு வரக்கூடாது" என்றான்.

சுருக்கென்றது. ஆனாலும் கல்யாணக் காரியம். போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் வந்தேன்.

எதிர்வீட்டுப் பெண் போலீஸுக்கு மட்டும் தெரியாது. சீசன் கூட்டத்துக்காக அவளை அருவியில் பந்தோபஸ்துக்குப் போட்டிருந்தார்கள். பெண் வீட்டார் கேசரியை வாயில் வைக்கும் நேரம், நனைந்த காக்கி உடுப்போடு வாசலில் வந்து நின்றாள். பெண்ணின் அப்பா தட்டோடு எழுந்தே விட்டார்.

"ஆச்சி, மாவு இருக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். "இங்கன மாவெல்லாம் விக்கல. வீடு மாறி வந்துட்டீங்க."

வருஷக்கணக்காக என்னிடம் மாவு வாங்குகிறவள் திருதிருவென்று விழித்தாள். அவன் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இருக்கு தாயி, நில்லு" என்று உள்ளே போய் ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். பெண் வீட்டார் காபியை அவசரமாகக் குடித்தார்கள். போன் பண்ணுவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று மகன் என்னோடு பேசாமலே பெங்களூர் பஸ் ஏறினான். அன்று அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"எம்மா, அந்தப் பொண்ணு போன்ல பேசுனா. மாவு விக்கதுல அவங்களுக்கு ஒண்ணுமில்லையாம். அம்மாவ முன்னால வச்சுக்கிட்டு எதுக்குப் பொய் சொன்னீங்கன்னு கேக்கா. அதுக்குப் பதில் சொன்ன பிறகுதான் மத்ததெல்லாமாம். நான் என்ன சொல்லட்டும்?"

"வெக்கமா இருந்துச்சுன்னு உள்ளதைச் சொல்லுலே."

"சொன்னா வேண்டாம்னு சொல்லிருவாளேம்மா."

"சொல்லாட்டி நானே அவகிட்ட வேண்டாம்னு சொல்லிருவேன்" என்றேன்.

சொல்லிவிட்டான். அவள் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தாளாம். உடனே சரி என்றிருந்தால் எனக்கு அவளை இவ்வளவு பிடித்திருக்காது.