சந்தனம் வைத்த லென்ஸ்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தின நாளே முடித்துவிடுவார்கள். லேசர், மைக்ராஸ்கோப், பழைய கம்ப்யூட்டர், ஸ்க்ரூடிரைவர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், கிள்ளிப் போட்ட கதம்பம். எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. பொரி கடலைக்குக் கை நீட்டுவதில் முதல் ஆள் நான்தான். ஆனால் அந்த வருஷம் என் லென்ஸையும் அல்லவா சேர்த்து வைத்துவிட்டார்கள்!

லென்ஸ் என்றதும் மூக்குக்கண்ணாடியை நினைக்க வேண்டாம். இது நகத்தளவு தட்டைக் கண்ணாடி. நடுவில் கடுகளவு இடத்தில், தலைமுடியை நூறு தடவை கிழித்தாலும் அந்த மெல்லிசு வராது என்கிற மாதிரி லட்சக்கணக்கான தூண்கள். அவைதான் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும். அதைச் செய்யும் இயந்திரம் எங்களிடம் கிடையாது. வேறு ஊரில் இருக்கும் பெரிய கூடத்தில் நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து செய்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த ஒரே துண்டு அது. அளந்து காட்டினால் ஏற்கெனவே அனுப்பிய கட்டுரையை இதழ் ஏற்கும். கட்டுரை வந்தால்தான் ஆய்வேடு. உதவித்தொகையோ டிசம்பரோடு முடிகிறது.

ரயிலிலிருந்து நேரே போய் லென்ஸ் பெட்டியை ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துவிட்டு, அன்று சாயங்காலப் பூஜைக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன். விடுமுறையில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், நிம்மதியாக அளக்கலாம் என்று மறுநாள் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். கோயிலுக்குக் கிளம்பிய கூட்டத்தோடு திருப்போரூர் வரை நசுங்கி, அங்கே மாறி, கேளம்பாக்கம் தாண்டி வந்து நின்றால் கதவில் பூட்டு! சாவி வைத்திருக்கும் டெக்னீஷியன் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"இன்னாம்மா நீ, பூசைல வெச்சத இன்னிக்கே எடுப்பாங்களா? சாமி குத்தமாய்டும். நாளைக்கி காலைல நானே வந்து தொறக்கறேன். வூட்டுக்குப் போய் நாஸ்தா துன்னுட்டுப் படு."

என் வழிகாட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டால் அவர் அதற்கு மேல். "ஒரு நாள்ல என்னம்மா ஆயிடப் போகுது? உன் லென்ஸையும்தான் பூஜையில வெச்சிருக்கேன். எல்லாம் நல்லபடியா நடக்கும்."

பெட்டியை மூடியபடியே வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைப்பது?

விஜயதசமி காலை கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை. சரஸ்வதி படத்துக்கு முன்னால், சால்டரிங் அயர்னுக்குப் பக்கத்தில், என் பெட்டி மூடி இல்லாமல் இருந்தது. உள்ளே கண்ணாடியின் ஒரு மூலையில் வைத்த சந்தனம் நடுப்பகுதி வரை வழிந்து, மஞ்சளாகக் காய்ந்து போயிருந்தது. அதன்மேல் குங்குமம் வேறு.

"ஓரத்துலதாம்மா வெச்சேன்," என்றார் பேராசிரியர். "சந்தனம் கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு போல."

தண்ணியா இருந்துச்சாம்! அந்தத் தூண்களுக்கு நடுவே துளி ஈரம் பட்டால் போதும், உறிஞ்சிக்கொள்ளும். காயும்போது ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த மனிதர்தான். இனிக் கெட என்ன இருக்கிறது என்று கழுவி, உலர்த்தி, லேசர் முன்னால் வைத்துப் பார்த்தோம். புள்ளி விழ வேண்டிய இடத்தில் கலங்கிய வெளிச்சம்தான் விழுந்தது.

"உடைஞ்சுடுச்சுன்னு இதழுக்கு எழுதி டைம் கேப்போம்," என்றார்.

"டைம் வாங்கி நான் எதை சார் அளக்கறது?" கத்தியேவிட்டேன். "நாலு வருஷம் சார். ஒரே ஒரு பொட்டு வெச்சு முடிச்சுட்டீங்க!"

டெக்னீஷியன் அண்ணன் மெல்ல வெளியே நழுவினார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் நிறையப் பேசத் தயாராக இருந்தேன், துறைத் தலைவரிடம் போவேன் என்பது வரைக்கும். அதற்குள் அவர் சொன்னார்:

"அடுத்த மாசம் அந்தப் பெரிய கூடத்துல மெஷினுக்கு எனக்கு ரெண்டு நாள் குடுத்திருக்காங்க. அதை நீ எடுத்துக்கோ."

அது அவருடைய சொந்த ப்ராஜெக்டுக்கு வாங்கிய நாள். முடிவு காட்டாவிட்டால் பணம் கொடுக்கிறவர்கள் ப்ராஜெக்டை நிறுத்திவிடுவார்கள். ஓய்வு பெறப் போகிறவருக்கு இன்னொன்று யார் கொடுப்பார்கள்? அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த மனிதரோடு இதுதான் தொல்லை. ஒழுங்காகக் கோபப்படக்கூட விடமாட்டார். 'வேண்டாம் சார்' என்று மரியாதைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"எந்தத் தேதி சார்?" என்று கேட்டேன்.