விளையாட்டுக்குப் பாரமான குரல்

அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்கமாட்டார். கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, காலுறையோடு, பெயர்ப்பட்டியலை இடது கையில் பிடித்தபடி ஒலிப்பதிவு அறைக்குள் வருவார். அந்த அறையின் பலகைத் தரையில் சப்பாத்து பட்டால் கிறீச்சிடும். லண்டன் விமான நிலையத்துக்குக் கிட்ட, ஹவுன்ஸ்லோவில், டயர்க் கடையொன்றின் பின்னால், முன்னர் களஞ்சியமாக இருந்த கட்டடத்தில்தான் எங்கள் சின்னத் தமிழ்த் தொலைக்காட்சி நடந்தது. கூரைக்கு மேலால் ஓயாமல் விமானங்கள் இறங்கும். மற்ற அறிவிப்பாளர்கள் விமானத்தைத் திட்டிக்கொண்டு பாதி வசனத்தில் நிறுத்துவார்கள். அக்கா அப்படி நிறுத்தி நான் கண்டதில்லை. விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு வாசனைத் திரவியக் கடையில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வருபவர் அவர். தூரத்து இரைச்சலைக் கேட்டே, "இது பெரிசு, பொறு பிள்ளை" என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்த எனக்குக் கைகாட்டுவார். அது கடந்து போனதும், இடையில் எதுவுமே நடக்காததுபோல வாசிப்பைத் தொடங்குவார்.

நான் அப்போது கல்லூரி முடித்த கையோடு அங்கே ஒலிப்பதிவு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எனக்குச் சொந்தமில்லை. மன்னாரிலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் லண்டனில் இருந்தவர். நிலையத்தில் எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. இதை எழுத உட்காரும்போது கோபம் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆறிப்போயிருக்க வேண்டிய கோபம். ஆறவில்லை. யார்மேல் என்பதைக் கடைசியில் சொல்கிறேன் என்று ஒளித்துவைக்கவும் விருப்பமில்லை. நிலையத்தின் முதலாளிமேல். அவருக்குத் தலையாட்டிய என்மேல்.

சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு குடும்பப் போட்டி நிகழ்ச்சி இருந்தது. இரண்டு குடும்பங்கள், கேள்விகள், ஒரு மணி, ஒரு கடிகாரம். முன்னால் நின்று சிரிக்க ஒரு தொகுப்பாளர் இருந்தார். ஆனால் நிகழ்ச்சியைத் தூக்கிச் சுமந்தது திரையில் தெரியாத அக்காவின் குரல். குடும்பங்களை அறிமுகப்படுத்துவது, விதிகளைச் சொல்வது, பரிசுகளை அறிவிப்பது, தோற்றவர்களை வழியனுப்புவது எல்லாம் அவர் வேலை. அவருடைய குரல் தாழ்ந்தது. ஆண்குரல் என்று சிலர் முதலில் ஏமாறுவார்கள். அவசரமில்லாத குரல். அந்தக் குரலில் அவர், "இண்டைய பரிசு ஒரு மிக்ஸி. சத்தம் கொஞ்சம் கூட. பக்கத்து வீட்டுக்காரரிட்ட முதலே சொல்லி வையுங்கோ" என்று நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல வாசிப்பார். படப்பிடிப்புக்கு வந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

லண்டனில் வளர்ந்தவள் என்பதால் ஆங்கிலப் போட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. கூத்தடிக்கிற நிகழ்ச்சிக்குக் கூத்தடிக்கிற குரலை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடசாலை அதிபர் மாதிரியான ஒரு குரல் முட்டாள்தனமான ஒரு விதியை முகம் கோணாமல் விளங்கப்படுத்தும்போதுதான் சிரிப்பு பிறக்கிறது. அறிவிப்பாளர் நிகழ்ச்சிக்குப் பொருந்துகிறாரா என்று பார்ப்பவர்கள் சேலைக்குச் சட்டைத்துணி தேடுவதுபோல ஒரே நிறத்தைத் தேடுகிறார்கள். எங்கள் முதலாளியும் அப்படித்தான் தேடினார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொலைபேசி எடுப்பார். பெயரை எப்படி உச்சரிப்பது, எந்த ஊர், வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள் என்றெல்லாம் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஒருமுறை கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, படிவத்தில் தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார். அக்கா அதை அப்படியே சபைக்குச் சொன்னார்: "தொழில் எண்ட இடத்தில இவ ஒரு கோடு போட்டிருக்கிறா. நாலு பிள்ளையளை வளர்த்த ஆள். எழுத இடம் காணாமல் போயிருக்கும்." அந்த அம்மா வெட்கத்தில் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அன்று அவர்கள் தோற்றார்கள். அக்கா அவர்களை அனுப்பும்போது, "இந்தக் குடும்பம் ஆறு கேள்விக்கு விடை சொன்னது. பாத்துக்கொண்டிருக்கிற ஆக்களில எத்தினை பேருக்கு அந்த ஆறும் தெரியும்?" என்று கேட்டார். தோற்றவர்கள் கைதட்டலோடு போனார்கள்.

முதலாளி ஜெர்மனியில் பல வருடம் வியாபாரம் செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். தனக்குக் காது இருக்கிறது என்று நம்பிய, காதில்லாத மனிதர். ஒருநாள் அக்காவையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தியச் சினிமா முன்னோட்டக் குரலில் பேசக்கூடிய ஒரு இளைஞரைப் போட்டி நிகழ்ச்சிக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னார். அந்த இளைஞரும் என்னைப்போல யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளைதான். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் 'வாறன்' போய் 'வர்றேன்' ஆகிவிடும். அவரில் எனக்குக் கோபமில்லை. கேட்டதைக் கொடுத்தார்.

"உங்கட குரலில ஒரு கனம் இருக்கு, தங்கச்சி," என்றார் முதலாளி அக்காவிடம். "மரண அறிவித்தலுக்கு அப்பிடியே பொருந்தும்."

அக்கா கேட்டார்: "அப்ப விளையாட்டுக்கு?"

"விளையாட்டுக்குப் பாரமாக் கிடக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். சத்தம் பாக்கிறது நீர்தானே."

அந்த நிகழ்ச்சி அந்தக் குரலால்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். "ஓம், கொஞ்சம் கனமான குரல்தான்" என்றேன். எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது, இருபத்திரண்டு வயது, முதலாளியின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. காரணங்களை அடுக்கலாம். அடுக்கி என்ன, வாயிலிருந்து வந்தது அந்த வார்த்தைதான்.

அக்கா அடுத்த வாரமே மரண அறிவித்தலுக்குப் போனார். புலம்பெயர்ந்த தமிழ்த் தொலைக்காட்சிகளில் நாளொன்றுக்கு மூன்று தரம் போகும் அறிவித்தல்கள் அவை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார் என்று தொடங்கி, உறவுகளின் நீண்ட பட்டியலாகப் போகும். அக்கா அந்தக் குடும்பங்களுக்கும் தொலைபேசி எடுத்தார், அதே பென்சிலால் பெயர்களைக் குறித்தார். ஆனால் முதலாளிக்கு அது போதவில்லை. குரலை இன்னும் இறக்கச் சொன்னார், எதிரொலி போடச் சொன்னார், பின்னால் வயலின் இழுக்கச் சொன்னார். எல்லாப் பொத்தான்களும் என் மேசையில் இருந்தன. நான்தான் திருகினேன். முதல்நாள் பதிவைத் திருப்பிப் போட்டபோது அக்கா கண்ணாடிக்கு அப்பால் நின்று கேட்டார்.

"இது என்ர குரல் இல்லையே, பிள்ளை."

"இப்பிடித்தான் போடச் சொன்னவர்" என்றேன்.

ஒரு வருடம் ஓடியது. அந்த ஒரு வருடத்தில் லண்டனிலிருந்த தமிழ் வீடுகளின் வரவேற்பறைகளுக்குள் அக்காவின் குரல் ஒரு நாளைக்கு மூன்று தரம் சாவைக் கொண்டுபோனது. முதலில் அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். தமிழ்க் கடையில் கறிவேப்பிலை புதுசா என்று கேட்க, பக்கத்தில் நின்ற பெண் கையிலிருந்த கூடையை நிலத்தில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாராம். பிறகு ஆளைக் கண்டு, "நீங்களா? நெஞ்சு பக்கெண்டு போச்சு" என்றாராம். அந்தப் பெண் நடித்த மாதிரியே நடித்துக் காட்டினார் அக்கா. நான் சிரித்தேன். அதன்பின் அவருடைய பங்குக் கோயிலில், தமிழ்ப் பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கும் முறை அவருக்கு வராமல் போகத் தொடங்கியது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு முன்னால் எப்போதும் வேறு இருவர் இருந்தார்கள். அதைச் சொன்னபோது அக்கா நடித்துக் காட்டவில்லை.

செவன் கிங்ஸில் அவருடைய தமையன் குடும்பம் இருந்தது. தமையனின் மகள் பிறந்த நாளிலிருந்தே, அவளுடைய கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்துக்குள் அழைத்து அறிவிக்கப்போவது மாமியான அக்காதான் என்பது வீட்டில் முடிந்த பேச்சு. அதற்கென்று அக்கா எழுதிவைத்திருந்த வரிகளை எனக்கு வாசித்தும் காட்டியிருந்தார். மருமகள் மூன்று வயதில் மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டு கேக் தின்ற கதை அதில் இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு கிழமை முன்னால் தமையன் அழைத்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருமாதிரி நினைக்கிறார்களாம். நல்ல காரியத்தில் அந்தக் குரல் கேட்டால் வயசான ஆட்களுக்கு மனம் சரியில்லாமல் போய்விடுமாம். "நீ குறை நினையாத. வந்து முன்வரிசையில இரு. மைக்கை மட்டும் பிடிக்காத" என்றாராம்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அக்கா நீலப் பட்டுச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்தார். காசுக்குப் பிடித்த ஒரு அறிவிப்பாளர் காதைப் பிளக்கும் இசையோடு பெண்ணை உள்ளே அழைத்தார், அவளுடைய பெயரில் ஒரு எழுத்தை விழுங்கி. அக்காவின் உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன். சரியான பெயரை, சத்தமில்லாமல், தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார்.

அடுத்த கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்து, அன்றைய அறிவித்தல்களை ஒரு பிழையில்லாமல் வாசித்து முடித்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி காரணம் கேட்டார். "ஏலாது" என்றார் அக்கா. நான்தான் கத்தினேன். ஒரு மனுசியின் குரலைப் பிடுங்கிச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவ்வளவு காலமும் விழுங்கியது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. என்னுடைய நியாயத்தில் எனக்கே ஒரு பெருமை வந்திருந்தது என்று நினைக்கிறேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். டயர்க் கடைக்குப் பக்கத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தில் நின்றோம்.

"நீ ஏன் பிள்ளை அவரோட கத்துறாய்? கனமான குரல் எண்டு நீயும்தானே சொன்னனீ."

அவர் குரலில் கோபம் இல்லை. அவர் சொன்னது உண்மை. ஒரு விமானம் போனது. அது போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சில நாட்களில் முதலாளி என்னிடம் ஒரு வேலை தந்தார். அக்காவின் பழைய பதிவுகளிலிருந்து 'காலமானார்', 'அன்னாரின்', 'பாசமிகு' போன்ற சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் துண்டு துண்டாக வெட்டி எடுத்து வைக்கும்படி சொன்னார். அவற்றை ஒட்டி ஒட்டிப் புதிய அறிவித்தல்களைச் செய்யலாமாம். சனத்துக்கு அந்தக் குரல் பழகிவிட்டதாம். அக்கா வேலையை விட்ட பிறகும் அக்காவை விட அவருக்கு மனமில்லை. நான் அன்று பின்னேரம் அந்த மரண அறிவித்தல் பதிவுகள் அத்தனையையும் அழித்தேன். அழித்ததை அவருக்கே சொன்னேன். வேலை போனது. இந்தக் கதையில் நான் செய்த ஒரேயொரு உருப்படியான காரியம் அது, அதுவும் ஒரு வருடம் பிந்தி. போட்டி நிகழ்ச்சியின் பதிவுகளையாவது எடுத்துக்கொண்டு போகலாமென்று தேடினேன். இடம் போதவில்லையென்று அவற்றை எப்போதோ அழித்து, மேலே மரண அறிவித்தல்களைப் பதிந்திருந்தார்கள். அந்தப் போட்டியும் அதற்குப் பிறகு நீடிக்கவில்லை. புது அறிவிப்பாளர் ஒவ்வொரு கேள்வியையும் போர்ப் பிரகடனம்போல முழங்கினார், ஊர்ப்பெயர்களைக் கடித்துத் துப்பினார். குடும்பங்கள் வரவில்லை. சனம் இப்போது விளையாட்டு நிகழ்ச்சி பார்ப்பதில்லை என்று முதலாளி சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். இன்னும் ஹவுன்ஸ்லோவில்தான், இன்னும் அதே வாசனைத் திரவியக் கடைதான். கணவருக்குச் சர்க்கரை வியாதியால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். தொலைக்காட்சியில் ஏதோ ஆங்கிலப் போட்டி. சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, அக்கா கணவருக்குத் தானே அறிவித்துக்கொண்டிருந்தார். "பச்சைச் சட்டைக்காரருக்கு விடை தெரியாது, ஆனால் தெரிஞ்ச மாதிரித் தாடியைத் தடவுறார். பக்கத்தில நிக்கிற மனுசி அதைக் கண்டிட்டா. வீட்ட போய் இருக்கு அவருக்கு." கணவர் கதிரையில் சாய்ந்து, கண்களை மூடி, தோள் குலுங்கச் சிரித்தார். நான் வாசற்கதவில் சாய்ந்து நின்றேன். ஒரு நகரம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டிய குரலுக்கு ஒரேயொரு காது மிஞ்சியிருந்தது.

இப்போது யாரும் வீட்டிலிருந்தே நிகழ்ச்சி செய்யலாம், ஒலிப்பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உனக்கு விசரே" என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினார். அந்த நேரம் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மறுபக்கம் ஒரு பெண் இரண்டு தரம் ஹலோ சொன்னது எனக்கும் கேட்டது. அக்கா தொண்டையைக் கனைத்து, குரலை எட்டுமட்டும் மேலே உயர்த்தி, ஒரு சின்னப் பிள்ளையின் குரலைப்போல மெல்லியதாக்கிக்கொண்டார்.

"இஞ்ச எல்லாரும் சுகம்," என்றார். "பயப்பிடாதையுங்கோ, எல்லாரும் சுகம். சொல்லுங்கோ."