சிவப்புக் குண்டூசிக்காரி

பர்கரைத் திறந்து பீட்ரூட் துண்டுகளை மட்டும் முள்கரண்டியால் எடுத்து, தட்டின் எதிர் விளிம்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள் கேப்டன் மோர்வென் டக்கெட். சிவப்பாக எது கிடைத்தாலும் அவளுக்கு அது எதிரி. எதிரியை எதிரே நிறுத்திப் பார்க்காமல் ஒரு வாய் இறங்காது. அடுக்கி முடித்ததும் கண்ணைச் சுருக்கி, "நான் இவனா இருந்தா வெங்காயத்துக்குப் பின்னாலதான் பதுங்குவேன்" என்பாள். பிறகு எதிரியை ஒவ்வொருவனாகத் தின்னத் தொடங்குவாள்.

டவுன்ஸ்வில் ராணுவ முகாமிலும் பட்டாளம் கூடாரம் அடிக்கிற காடுகளிலும் பதினேழு வருடம் சமைத்துத் தட்டு நிரப்பியவள் நான். பட்டாளத்தின் உளவு அதிகாரி என்றதும் கறுப்புக் கண்ணாடியும் ரகசியப் பெட்டியும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு மோர்வென் பெரிய ஏமாற்றம். ஐந்தடி உயரம், மூக்கில் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு, காதில் செருகிய, நுனி கடிபட்ட பென்சில். எதிரி என்ன செய்யக்கூடும் என்று கர்னலுக்கு முன்கூட்டியே சொல்வதுதான் உத்தியோகம். கர்னல் ஒரு திட்டம் போட்டால், அதை மேசைமேல் வைத்து ஆடிப் பார்ப்பார்கள். அப்போது இவள் எதிரியாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். ஒருமுறை இருபதே நிமிடத்தில் சொந்தப் பட்டாளத்தைத் தரைமட்டமாக்கிவிட்டு, கர்னலின் நாற்காலியையும் பிஸ்கட் டப்பாவையும் கொள்ளைப் பொருளாகக் கேட்டாள். நாற்காலி கிடைக்கவில்லை. டப்பா இன்றும் அவள் அலமாரியில்தான் இருக்கிறது.

'தெரியும்' என்ற சொல் அவள் வாயில் வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் சூடாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். "ஆவி வருது. சூடா இருக்கும்னு நெனைக்கிறேன். தெரியாது" என்றாள். அடுத்த நொடியே கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, "இப்போ தெரியும்" என்றாள். அந்த வருடத்துக் கணக்கில் ஒன்று போயிற்று.

யாரைப் பார்த்தாலும் இரண்டு எதிர்காலம் சொல்வாள்: பெரும்பாலும் செய்யப்போவது ஒன்று, செய்தால் ஆபத்தானது ஒன்று. தன் தம்பி கல்யாணத்தில் மணப்பெண்ணின் அம்மாவைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். "அநேகமா அழுவாங்க. ஆபத்து என்னன்னா, மைக்கைப் புடிப்பாங்க." மைக்கைப் பிடித்தார்கள். முக்கால் மணி நேரம்.

வரைபடக் கூடாரத்தில் எத்தனை கணினித் திரை வந்தாலும், நடுவில் காகித வரைபடம் ஒன்று விரித்தே இருக்கும். எதிரிக்குச் சிவப்புத் தலைக் குண்டூசி, நமக்கு நீலம். சிவப்பை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. நீலத்தை அவள் தொட மாட்டாள். அது கர்னலின் சொத்து. நீலக் குண்டூசி டப்பாவைத் தெரியாமல் அவள் கையில் திணித்த ஒரு கார்ப்பரல், அவள் துள்ளிய துள்ளலில் கூடாரக் கம்பமே சாய்ந்தது என்பான். நான் பார்த்தபோது கம்பம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது.

போன குளிர்காலத்துப் பயிற்சியைச் சொல்லாமல் இவள் கதை முடியாது. கடலோரக் காட்டில், தெற்கிலிருந்து வந்த இன்னொரு பட்டாளம் எதிரியாக நடித்தது. நடுவர்கள் தேறியதாகச் சொன்னால்தான் நம் பட்டாளம் வசந்தத்தில் வெளிநாட்டுப் பணிக்குப் போக முடியும். தோற்றால் நானூறு பேரும் டவுன்ஸ்வில்லிலேயே புல் வெட்ட வேண்டியதுதான். கர்னல் கேவின் ஸ்ட்ரட்விக் ஓடையோரப் பாதையில் மொத்தப் படையையும் மூன்று மணிக்கு வேகமாக இறக்குவதென்று திட்டம் போட்டார். அழகான திட்டம். அதற்குத் தன் நாயின் பெயரையே வைத்திருந்தார். இடைஞ்சல் ஒன்றே ஒன்று. ஓடைக்கு நேர் மேலே இருந்த மேட்டில் மோர்வென் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து அவள் திரும்பியபோது, மேட்டில் வெறும் ஓட்டை. குண்டூசி இரண்டு விரல் வடக்கே தள்ளிப்போயிருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கே கை நின்றுவிட்டது. கூடாரத்தில் இருந்த அதிகாரிகள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் பூட்ஸ் மேல் அக்கறை வந்துவிட்டது.

"நான்தான் நகர்த்தினேன்" என்றார் கர்னல். "அவன் அங்கயும் இருக்கலாம்ல, டக்கெட்?"

"இருக்கலாம் சார். அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

கர்னலின் காது சிவந்தது. மேட்டில்தான் இருக்கிறான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். வேலி தாண்டி வந்த பண்ணை மாடுகள் மூன்று நாளாக அந்த மேட்டு நிழலில்தான் படுத்திருந்தன. இன்று காலை வானிலிருந்து எடுத்த படத்தில் அத்தனையும் கீழே வெயிலில் நிற்கின்றன என்றாள்.

"மாடு சொல்றதக் கேட்டு நான் படையத் திருப்பணுமா?"

"மாட்டுக்குப் பொய் சொல்லக் காரணமில்ல சார். நமக்குத்தான் இருக்கு."

எத்தனை சதவீதம் என்றார். எழுபது என்றாள்.

"மீதி முப்பது?"

"மீதி முப்பதுல நான் முட்டாள். ரெண்டு பேர அனுப்புங்க. ரெண்டு மணிக்குள்ள நான் முட்டாளா இல்லையான்னு பாத்துரலாம். நீங்க மூணு மணிக்குத்தானே படைய இறக்கணும்?"

கர்னல் நாயை இழக்கப்போகிறவர் மாதிரி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு பேரை அனுப்பச் சொன்னார். ஊற்றிய தேநீரை யாரும் தொடவில்லை. இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ரேடியோ கரகரத்தது. மேட்டில், வலைக்கு அடியில், நான்கு பீரங்கி. பக்கத்தில் ஒருவன் சாவகாசமாக சாசேஜ் வறுத்துக்கொண்டிருக்கிறான்.

கர்னல் தானே அந்தச் சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார். அவள் பழைய ஓட்டையிலேயே குத்தினாள்.

"இப்பவாவது தெரியும்னு சொல்லித் தொலையேன்" என்றார் கர்னல்.

"பாத்தவனுக்குத் தெரியும் சார். நான் ரேடியோவுலதானே கேட்டேன்."

மூன்று மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஓடைப் பாதை போய்விட்டது. மீதி இருந்தவை சதுப்பு நிலமும், சுற்றிப்போகும் நீண்ட மலைப்பாதையும். இரண்டிலும் எதிரி பெரும்பாலும் என்ன செய்வான், ஆபத்தாக என்ன செய்வான் என்று மோர்வென் நான்கே வரியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கர்னல் ஓடையோரத்திலிருந்து நீலக் குண்டூசியை மெல்ல உருவினார். சதுப்பைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு குண்டூசியை அவள் பக்கம் நீட்டினார்.

"நீதான் அவன் மனசுக்குள்ள போயிட்டு வர்றியே. இதையும் நீயே குத்திடு."

மோர்வென் தன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டாள்.