மூன்றாவது பொத்தான் வரிசை

சட்டைக் கம்பெனியில் எங்கள் தையல் லைனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அது போதும். கூப்பிடுவதெல்லாம் தைக்கிற வேலையை வைத்துத்தான்: பாக்கெட், காஜா, ஓவர்லாக். நான் கஃப். எனக்கு முன் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் காலர். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அதனால் காலரக்கா.

அவள் சேர்ந்த அன்று சூப்பர்வைசர், "ஒரு வாரத்துக்கு மட்டும் காலர்ல உட்காரும்மா, ஆள் வந்ததும் மாத்திடலாம்" என்றாராம். பத்தொன்பது வருஷமாக அந்த ஆள் வரவில்லை. மணிக்கு அறுபது காலர். உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்து ஓட்டி, முனை வெட்டி, திருப்பி, மேல்தையல் போட்டுக் கூடையில் தள்ளுவாள். பேசிக்கொண்டே தைப்பாள், தூங்கி வழிந்துகொண்டே தைப்பாள். அம்மா செத்த மூன்றாம் நாள் வந்து அழுதுகொண்டே தைத்தாள். அன்றைக்கும் ஒரு முனைகூடக் கோணவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு முழுச் சட்டை வெட்டத் தெரியாது என்றால் வெளியாள் சிரிப்பான். சிரிக்கட்டும். எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வெட்டுவதெல்லாம் மேல்மாடியில், சாம்பிள் ரூமில். கீழே எங்களுக்கு வருவது துண்டுகள்தான். ஆனால் காலரக்காவுக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்ததாம். இருபது வயதில் டேப்பே தொடமாட்டாளாம். ஆள் வந்து நின்றால் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை, பிறகு சாக்பீஸ், பிறகு கத்தரி. அவள் தங்கச்சி சொன்னாள், நான் நம்பவில்லை. பழைய பெருமை இல்லாதவர் யார்? எனக்கும்தான் ஒரு காலத்தில் பாட்டு வந்தது.

அந்தத் தங்கச்சி தபால் நிலையக் கவுண்டரில் பதினாறு வருஷம் இருந்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்காவோடுதான் இருந்தாள். போன வருஷம் புற்றுநோய் என்று வலது மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த கட்டிகளையும் சேர்த்து. அதற்குப் பிறகு வலது கை வீங்க ஆரம்பித்தது. வீங்கி, வீங்கி, தொடை மாதிரி ஆனது. எந்தச் சட்டையிலும் அந்தக் கை நுழையாது. ஒரு பக்கம் கிழித்துவிட்ட நைட்டியோடு ஒரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். தெருமுனை டெய்லரை ஒருமுறை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கையைப் பார்த்ததும் அவர் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவரை அறையலாம் போல இருந்தது என்றாள் காலரக்கா.

பிறகு தபால் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று, மேஜை டிராயரில் உள்ள சொந்தப் பொருள்களை அடுத்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளவும், வர முடியாவிட்டால் பையில் போட்டு அனுப்பி வைக்கிறோம் என்று.

"பையில போட்டு அனுப்புறாங்களாம். செத்தவ சாமானைத்தான் அப்படி அனுப்புவாங்க" என்றாள் தங்கச்சி. "நானே போய் எடுக்கணும். நைட்டியோட போக மாட்டேன். அக்கா, எனக்கு ஒரு சட்டை வெட்டிக் கொடு."

"எனக்கு வெட்டு மறந்தே போச்சுடி."

"மறந்தா திரும்பக் கத்துக்கோ. நான் இடது கையால சாப்பிடக் கத்துக்கலையா?"

அடுத்த மாதக் கடைசிக்கு ஏழு வாரம் இருந்தது.

மறுநாள் காலரக்கா என்னிடம் வந்து, மத்தியான இடைவேளையில் சாம்பிள் ரூமுக்குப் போகப் போகிறேன், கூட வா என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைப்பானேன். அவள் களைத்தால் காலர் தாமதமாகும், லைனே தாமதமாகும், எல்லாருக்கும் திட்டு விழும்.

"இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்படாதக்கா. நாப்பத்தேழு வயசுல கத்தரி பிடிச்சு என்ன பண்ணப் போற?"

"சட்டை பண்ணப் போறேன்" என்றாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

கட்டிங் மாஸ்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். "காலருக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார். மத்தியானம் அரை மணி, ஓரத்து மேஜை, வேஸ்ட் துணி, வேறு ஒன்றும் வேண்டாம் என்றாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு விலகிக்கொண்டார்.

முதல் வாரத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மயிரிழை பிசகாமல் முனை திருப்புகிற அதே கை, கத்தரியை எடுத்ததும் கோடு தாண்டி ஓடியது. கை பொருத்துகிற வளைவு எலி கடித்த மாதிரி வந்தது. கத்தரி மொக்கை என்றாள். "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்" என்றார் மாஸ்டர். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவள் கீழே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள், மணி அடித்த பிறகும்.

அடுத்த நாள் மறுபடி மாடியேறினாள். அதற்கடுத்த நாளும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனாள். மூன்றாம் வாரம், பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, அவள் தைத்த இருபது காலர்கள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் கத்தினார். அவர் ஓய்ந்ததும் நான் கத்தினேன்.

நான்காம் வாரம் ஒரு சட்டை முடிந்தது. இலைப்பச்சைப் பருத்தி. பொய் சொல்லக்கூடாது, நல்ல சட்டை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தோம். இடது கை வழுக்கிக்கொண்டு போனது. வலது கை மணிக்கட்டைத் தாண்டி நாலு விரல் போனதும் இறுகிக்கொண்டது. தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளினாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பரவாயில்லக்கா. ஒரு கையோட போட்டுக்கறேன்" என்றாள்.

மறுநாள் மாஸ்டர் அந்தச் சட்டையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். "தையல் சுத்தமா இருக்கு. அளவு ஏது?"

"சுவத்துல ஒட்டியிருக்கிற சார்ட்டுல எல் சைஸ்."

"ஆளை அளக்கலையா?"

"அளந்தேன். எல் சரியா இருந்துச்சு."

"எந்தக் கையை அளந்தீங்க?"

காலரக்கா சட்டையின் இடது கையைத் தொட்டுக் காட்டினாள். "நல்ல கையை."

மாஸ்டர் இந்த முறை சிரிக்கவில்லை. "நல்ல கைக்கு நீங்க எதுக்குக்கா? அதுக்குத்தான் கடையில தொங்குதே" என்றார்.

லைன்காரிகள் செய்கிற தப்புதான் அது. எங்களுக்கு ஒரு கை தெரிந்தால் மறு கையும் தெரிந்த மாதிரி. வெட்டின துண்டுகளைக் கட்டி அனுப்புகிற பண்டலில் இரண்டும் ஒரே அளவாகத்தானே வருகிறது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஒரு வருஷமாக மருந்து கொடுத்தாள், கஞ்சி ஊட்டினாள், படுக்கை மாற்றினாள். தங்கச்சி உடை மாற்றும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த இடத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. படி இறங்கும்போது அவளாகவே என்னிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அளவெடுக்கப் போனாள். எழுதிக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் போனேன். தங்கச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நைட்டியை இடுப்புவரை இறக்கிவிட்டாள். காலரக்கா டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, ஆனால் கண் தரையில் இருந்தது.

"முதல்ல பாருக்கா. பாத்து முடிச்சிட்டு அள."

"வலிக்குமோன்னு..."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன. டேப்பைப் போடு."

பார்த்தாள். கழுத்தெலும்புக்குக் கீழே தட்டையாகி, தோல் இழுபட்டு, அக்குள்வரை ஒரு நீண்ட தழும்பு. அதன் மேல் விரலை வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிக்கொண்டே போனாள்.

"யாருடி தைச்சது இதை?"

"பெரிய டாக்டர்."

"தையல் கோணல்" என்றாள் காலரக்கா.

தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் டேப்பை மளமளவென்று போட்டாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை நாலு விரலுக்கு ஓர் அளவு. மணிக்கட்டு ஒன்பதரை, முழங்கைக்குக் கீழே பதினாலு, மேலே பதினேழே கால். எடுக்கப்பட்ட பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "யாரை ஏமாத்த? இல்லாத இடம் இல்லாத மாதிரியே இருக்கட்டும்" என்றாள் தங்கச்சி. "அப்புறம் காலர் வேண்டாம்க்கா. கழுத்துல உறுத்தும்."

பத்தொன்பது வருஷம் தைத்த ஒரே சாமான், அதுதான் வேண்டாமாம். காலரக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இந்த முறை அவள் சுவரிலிருந்த சார்ட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிரவுன் பேப்பரில் இரண்டு பாதியும் வேறு வேறாக வரைந்தாள். வலது முன்பக்கம் ஒரு மாதிரி, இடது ஒரு மாதிரி. மாஸ்டர் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், பெரிய மேஜையிலிருந்த தன் சாமான்களை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை கையை அளந்தாளாம். பதினேழே கால் இருந்த இடம் பதினெட்டு காட்டியது. நாலே நாளில் முக்கால் அங்குலம். டாக்டர் அடுத்த மாதம் ஸ்கேன் என்றிருந்தார். ஸ்கேன் எதற்கு, நோய் முற்றுவதை டேப்பே சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்து வரைந்த பேப்பரைக் கிழித்தாள். மாதக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதே இலைப்பச்சைத் துணியில் அவள் புதிதாக வெட்டிய மாதிரி ஒரு சட்டையை நான் எங்கேயும் பார்த்ததில்லை, மாஸ்டரும் பார்த்ததில்லை. வலது கைக்குத் தையல் இல்லை. கழுத்திலிருந்து தோள் மேலாக மணிக்கட்டுவரை முழுசாகத் திறக்கும். ஒரு ஓரம் மறு ஓரத்தின் மேல் அகலமாக ஏறி உட்காரும், ஏறுகிற ஓரத்தில் பதினாலு காஜா, பொத்தான் நுழைகிற ஓட்டை. கையை நுழைக்கவே வேண்டாம். துணியை விரித்துக் கையை அதன் மேல் வைத்து மூடினால் போதும். பொத்தானை மட்டும் என்னைத் தைக்கச் சொன்னாள். தட்டையான சின்னப் பொத்தான், ஒரு வரிசைக்குப் பதினாலு. முதல் வரிசை இன்றைய கைக்கு. இரண்டாவது அதைவிட இரண்டு அங்குலம் தளர்வாக, வீக்கம் கூடினால் போட்டுக்கொள்ள. முதல் வரிசையில் போட்டால் மற்றது உள்ளே மறைந்துவிடும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இரண்டையும் முடித்து நூலை அறுத்தேன். அவள் இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி, துணியின் கடைசி ஓரத்தில் சாக்பீஸால் மறுபடி பதினாலு புள்ளி வைத்தாள்.

"இது எதுக்குக்கா? அவ்வளவு பெரிசாவா ஆகப் போகுது?"

"தை."

"நேரம் இல்லாத நேரத்துல..."

"தைன்னு சொன்னேன்ல."

முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன்.

மாதக் கடைசி நாள் இரண்டு பேரும் விடுப்பு எடுத்தோம். தங்கச்சி பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, வீங்கிய கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, இரண்டு நிறுத்தம் பஸ்ஸில் வந்தாள். தபால் நிலையத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முதலில் கையைத்தான் பார்த்தார்கள், பிறகு சட்டையைப் பார்த்தார்கள். பக்கத்துக் கவுண்டர்க்காரி அருகில் வந்து, "இது எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டாள்.

"கடையில கிடைக்காது. எங்கக்கா வெட்டினது" என்றாள் தங்கச்சி.

டிராயரைத் தானே இழுத்தாள். ஒரு சீப்பு, பழைய கண்ணாடி, கைக்குட்டை, பாதி தீர்ந்த மிட்டாய்ப் பாக்கெட். ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். டிராயரின் உள்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள், மூடினாள். அவ்வளவுதான். காலரக்கா வாசலிலேயே நின்று, சட்டையின் முதுகுப் பக்கம் எங்கேயாவது சுருக்கம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வாரத்தில் இரண்டாவது வரிசைக்கு மாற்றினார்கள். பிறகு ஆஸ்பத்திரி. காலரக்கா லைனுக்கு வருவது நின்றது, அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான்.

ஒரு புதன்கிழமை காலை, தங்கச்சி போய்விட்டாள் என்று எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். கை அவள் மெலிந்த இடுப்பளவுக்கு வந்திருந்தது. காலரக்கா பையிலிருந்து பச்சைச் சட்டையை எடுத்தாள். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத் தட்டிலிருந்து கத்தரியை எடுத்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

"கை வளையாதும்மா. பின்னால வெட்டித்தான் போடணும். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம்."

"வெட்டாதீங்க" என்றாள் காலரக்கா. "அது திறக்கும்."

சட்டையை முழுசாக விரித்துத் தங்கச்சிக்கு அடியில் தள்ளினாள். நல்ல கையை நுழைத்தாள். அந்தக் கையைத் தூக்கி விரித்த துணியின் மேல் வைத்தாள். ஓரத்தை இழுத்து மூடிக் கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பொத்தானாக, அவசரமில்லாமல், மணிக்கட்டுவரை பதினாலும் போட்டாள். எங்கேயும் இழுக்கவில்லை. எங்கேயும் தொய்யவில்லை.

"அளவு சரியா இருக்குல்ல?" என்று என்னிடம் கேட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கடைசி ஓரத்தில் நான் தைத்த வரிசை அது.