இடுப்பு என்று சொன்ன வலி

கள்ளக்குறிச்சி மருந்துக் கடையில், நடுவே ஓட்டையுள்ள வட்டமான ரப்பர் மெத்தை ஒன்று தொங்கியது.

"பாய், இது இன்னாத்துக்கு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"குந்துனாப்புல வுழுந்து வால் எலும்புல அடிபட்டவங்க குந்தறதுக்கும்மா."

அப்போதுதான் எனக்கு அம்மாவின் வலி விளங்கியது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடாததால் நானும் அம்மாவும் வடக்கனந்தலிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு நடந்தோம். பச்சைப் பட்டை வாசம் அடித்துக்கொண்டிருந்த ஒரு புளியமரத்தின் மேல் ஏறித் தாண்டும்போது, அம்மா வழுக்கி உட்கார்ந்த வாக்கிலேயே தார்ச்சாலையில் விழுந்தாள்.

"எங்க வலிக்குதும்மா?" என்று கேட்ட ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இடுப்புலங்க" என்றாள். அவரும் இடுப்புக்குத் தைலம் கொடுத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "எங்க அடின்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காத" என்றாள்.

இரண்டு மாதம் நின்றபடியே சாப்பிட்டாள். "இன்னா அண்ணி, எதிர்ல கலெக்டரா குந்திக்கினு இருக்காரு?" என்று அத்தை கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்றும் அவள் பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருகிறாள். நாளை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். அங்கேயும் அவள் இடுப்பு என்றால், என் தொடையைக் கிள்ளினாலும் சரி, அடிபட்ட இடத்தை நானே சொல்லிவிடுவேன்.